பிறந்தநாளும் கடற்கரைச் செலவும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இம்மேடையில் எனக்கு முன்னே பேசிய அன்பர்கள் குறளையும் கம்பனையும் எடுத்துக்கொண்டு அழகாகப் பேசினார்கள். நானோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். சீட்டுக் கணக்கும் சரக்குக் கணக்கும் எழுதிப் பழகிய கை இது. ஆகவே இலக்கியத்தை அவர்களிடம் விட்டுவிட்டு வீட்டுக் காரியம் ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் வருகிறது. அவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் கடற்கரையோரமாக வண்டியில் அழைத்துச் சென்று மகிழ்விக்க வேண்டும். அதை எப்படித் திட்டமிடுவது, எப்படி அனுபவிப்பது என்பதே என் பொருள்.

இது பேசத்தக்க பொருளா என்று சிலர் எண்ணலாம். ஒரு கருத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் அளிக்கும் வியப்பு ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அந்த வியப்பை அளிப்பதற்காக ஒரு மனிதரைப் பற்றியும் ஒரு நிலத்தைப் பற்றியும் நாம் கேட்டறிந்து வைத்தது தீர்வதில்லை. உண்மையான பரிசு அதுவே. இதைத்தான் இனி விரித்துரைக்கப் போகிறேன்.

யாருக்குப் பிறந்தநாள்?

நம் காலனியில் குழந்தைகளின் பிறந்தநாள் குறைவின்றி நடக்கிறது. வண்ணத் தாள் தொங்குகிறது, கேக்கு வெட்டப்படுகிறது, அண்டை வீட்டுத் தெலுங்குக் குழந்தைகளும் வந்து கை தட்டுகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் அதே வீட்டின் உள்ளறையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று கேட்டால் வீட்டில் எத்தனை பேர் உடனே விடை சொல்வோம்?

பிறந்தநாள் கொண்டாடுவது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. இராசராசனுடைய ஐப்பசிச் சதயத்தைத் தஞ்சையில் இன்றும் விழாவாக எடுக்கிறார்கள். இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. நாளை நட்சத்திரத்தால் குறித்து வைத்த மக்கள் நாம். முதியவர்களுக்கும் நம் முன்னோர் விழா வகுத்தார்கள். அறுபதில் மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று அவை வரிசையாக வருகின்றன. ஆனால் ஒன்றை உற்று நோக்குங்கள். இவையெல்லாம் வீட்டுத் தலைவரின் வயதைக் கணக்கிட்டுத் தம்பதியராக அமரவைத்துச் செய்யப்படுபவை. கணவரை இழந்த ஒரு தாய்க்கு எழுபது நிறைந்தால் அதற்கென்று எந்த மேடையும் இல்லை. எந்தக் கலசமும் இல்லை. அந்த நாள் ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போய்விடுகிறது.

என் அன்னையாருக்குச் சென்ற தை மாதத்து அனுடத்தோடு எழுபது நிறைந்தது. அவர் வேதாரணியத்துக்கு அருகில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் அக்கரையைக் கடந்தது. அன்று எங்கள் தென்னந்தோப்பு ஒரே இரவில் தரையோடு படுத்தது. வீட்டின் ஓட்டுக் கூரையும் போயிற்று. தந்தையார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆகவே அன்னையாரை இங்கே அழைத்து வந்தேன்.

வந்தவர் நம் காலனியில் வாழ்ந்தார் என்பதைக் காட்டிலும் தங்கியிருந்தார் என்பதே பொருந்தும். மொழி தெரியாது, தெரு தெரியாது, கடைக்குப் போனால் விலை கேட்கவும் துணை வேண்டும். "உங்க ஊர்ல தண்ணி உப்பு", "உங்க ஊர்ல வெயில் அதிகம்" என்று எப்போதும் "உங்க ஊர்" என்றே சொல்லுவார். இருபது ஆண்டுகளாக நான் குடியிருக்கும் ஊரில் என் தாய் விருந்தாளியாக இருந்தார். மார்கழி மாதத்தில் ஒரு நாள் என்னை அழைத்து, "தம்பி, தை பொறந்ததும் எனக்கு ஊருக்கு ஒரு சீட்டு எடுத்துக் குடு. ஓலையைப் போட்டுக்கிட்டு அங்கயே இருந்துக்குறேன்" என்றார். தனியாக எப்படி இருப்பீர்கள் என்று கேட்டதற்கு, "இங்க மட்டும் யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் பிறந்தநாள் எங்கள் வீட்டில் வெறும் கொண்டாட்டப் பேச்சாக இருக்க முடியவில்லை.

ஆளை அறிதல்

திட்டமிடுதலின் முதற்படி ஆளை அறிதல். நாம் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? நமக்குப் பிடித்த இடத்துக்குப் பிறரை அழைத்துச் சென்று, அவர் மகிழவில்லையே என்று வருந்துகிறோம். குழந்தைக்குப் பொழுதுபோக்குப் பூங்கா, பெரியவர்களுக்குக் கோயில், இவ்வளவுதான் நம் கணக்கு.

என் மகள் பத்தாம் வகுப்பு மாணவி. பாட்டியிடம் கதை கேட்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தோம். தினமும் விளக்கு வைத்தபின் கால் மணி நேரம் பேசுவாள். "அப்பாயி, சின்ன வயசுல எங்கல்லாம் போயிருக்கீங்க? என்ன புடிக்கும்?" என்று கேட்பாள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாள். மூன்று வாரத்தில் அக்குறிப்பேட்டில் சேர்ந்த செய்திகள், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மகனாக இருந்த எனக்குப் புதியவை. அவர் தந்தையார் மாட்டு வண்டியில் கோடியக்கரைக்கு அழைத்துச் சென்று பூநாரைக் கூட்டத்தைக் காட்டியது. பெரியபுராணக் கதைகளை இரவில் சொல்லிக் கேட்டது. திருமணத்துக்குப் பின் கடலோரத்துக்குப் போக ஒரு நாளும் நேரம் வாய்க்காதது. இவையெல்லாம் அதில் இருந்தன. மற்றொன்றும் இருந்தது. நீண்ட நேரம் கால் தொங்கவிட்டு அமர்ந்தால் முழங்கால் வீங்கும். ஆகவேதான் வெளியே போக அழைத்தால் "எனக்கு வேண்டாம்" என்பார். விருப்பமின்மை என்று நாங்கள் எண்ணியிருந்தது வலி என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்குறிப்பேடே எங்கள் திட்டத்தை வகுத்துக் கொடுத்தது. பூநாரை காண வேண்டும். கடல் காண வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அமரக் கூடாது.

நாளும் வண்டியும்

நம்முடைய நல்லூழ், இம்மூன்றும் தடாவிலிருந்து ஒரு பகலில் கைகூடும். இயற்கை நமக்குச் செய்த உதவி அது. பழவேற்காடு ஏரி நம் வாசலிலே இருக்கிறது. ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. பெயர் தமிழகத்துப் பழவேற்காட்டினுடையதாயினும் ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் இங்கே வந்து தங்குகின்றன. தை மாதம் அதற்கு ஏற்ற காலம். சூலூர்ப்பேட்டையில் அரசினர் நடத்தும் பறவைத் திருவிழாவும் குளிர்காலத்தில்தான் வருகிறது. விழா நாளில் கூட்டம் மிகுதி. ஆகவே முதியவரை அழைத்துச் செல்பவர் அந்நாளைத் தவிர்ப்பது நல்லது. சிறீஅரிக்கோட்டாவில் ஏவுகணை செலுத்தும் நாளிலும் ஏரிச் சாலையில் வண்டி நெருக்கம் இருக்கும். அந்த அறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுடம் வேலை நாளில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தபோது என் மனைவி, "நம்ம வசதிக்கு அத்தையோட நட்சத்திரத்தை மாத்துறதா?" என்று கேட்டாள். விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

இரயில்வே ஊழியன் எதற்காகச் சாலையில் போனான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நான் என் துறையை விட்டுக் கொடுப்பவனல்லன். சென்னையையும் விசயவாடாவையும் இணைக்கும் இப்பாதை 1899 ஆம் ஆண்டு முதல் மக்களைச் சுமந்து வருகிறது. ஆரம்பாக்கம் தமிழகத்தின் கடைசி நிலையம். தடா ஆந்திரத்தின் முதல் நிலையம். அடுத்து அக்கம்பேட்டை, அதற்கடுத்து சூலூர்ப்பேட்டை. தூக்கத்திலும் இவ்வரிசையைச் சொல்லுவேன். ஆனால் இரயில் தன் நேரத்துக்கு நிற்கும்; முழங்கால் வலிக்கும் நேரத்துக்கு நிற்காது. இருப்புப்பாதை ஏரிக்குள்ளும் போகாது. ஆகவே அறிமுகமான தெலுங்கு அன்பர் ஒருவரின் வாடகை வண்டியைப் பேசினோம். அவரே ஓட்டுநர். முன்னிருக்கையைப் பின்னே தள்ளி, கால் நீட்டுவதற்கு ஒரு சிறு முக்காலி வைத்துத் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். பணத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி முதலே மாதச் செலவில் சிறிது ஒதுக்கி வைத்ததால் கடன் வாங்காமல் முடிந்தது.

வழியைக் கேட்டறிய நான் புத்தகம் புரட்டவில்லை. அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் சூலூர்ப்பேட்டை நண்பரைக் கேட்டேன். எந்த இடத்தில் நிழல் உண்டு, எந்த இடத்தில் பெண்களுக்கு ஏற்ற தூய்மையான கழிப்பிடம் உண்டு, கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்பனவெல்லாம் ஊர்க்காரரிடம்தான் கிடைக்கும். கேட்கக் கூச்சமாயிருக்கும் செய்திகளே முதியவருடன் செல்லும் பயணத்தில் முதன்மையானவை. இட்டிலி, புளிச்சோறு, தயிர்ச்சோறு, வெந்நீர்க் குடுவை, குடை, மடக்கு நாற்காலி, மருந்துப் பெட்டி ஆகியவை முதல் நாள் இரவே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் வீட்டில் இருந்தால் அன்னையாரின் கண்ணுக்குத் தப்பா.

மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

இனி மறைத்தல் பற்றி ஒரு சொல். வியப்பளிக்க விரும்புவோர் சிலர், பிறந்தநாளையே மறந்துவிட்டதுபோல் நடிப்பார்கள். கடைசியில் மகிழ்ச்சி பெருகும் என்பது அவர்கள் கணக்கு. இளைஞர்களிடம் அது விளையாட்டாகலாம். ஊரையும் துணையையும் இழந்து, "எனக்கு யார் இருக்கிறார்" என்று எண்ணிக்கொண்டிருக்கும் முதியவரிடம் அதைச் செய்தல் கொடுமை. காலையிலிருந்து மாலை வரை அவர் படும் வேதனையை மாலையில் வரும் மகிழ்ச்சி ஈடு செய்யாது.

ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். நாளை மறைக்கக் கூடாது. வழியை மட்டும் மறைக்கலாம். முதல் நாளே எண்ணெய் நீராட்டும் புதுப்புடவையும் ஆயின. அதிகாலையில், "அம்மா, இன்று வெளியே போகிறோம். இரவுக்குள் வீடு திரும்புவோம். அடிக்கடி நிறுத்தி இறங்கலாம். எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்" என்று சொன்னேன். தெரியாத இடத்துக்குப் போகிறோம் என்ற அச்சம் வேறு. நம்பத்தக்கவர் கையில் இருக்கிறோம் என்ற எதிர்பார்ப்பு வேறு. எப்போது திரும்புவோம், உடல் தாங்குமா என்னும் இரண்டும் தெரிந்துவிட்டால் அச்சம் நீங்கிவிடுகிறது.

ஏரியின் நடுவே

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். முதலில் சூலூர்ப்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையிலுள்ள செங்காளம்மன் கோயில். இரவு பகல் எந்நேரமும் அடைக்கப்படாத கோயில் என்பது அதன் பெருமை. ஏவுகணை செலுத்துவதற்கு முன் விண்வெளித் துறைத் தலைவர்களும் இங்கே வந்து வணங்கிச் செல்வதுண்டு. கோயில்தான் பிறந்தநாள் செலவு என்று அன்னையார் எண்ணிக்கொண்டார். திருநீறும் குங்குமமும் பெற்று வெளியே வந்து, "சரி தம்பி, வீட்டுக்குப் போகலாமா?" என்றார். என் பத்து வயது மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வண்டி கிழக்கே திரும்பியது. சூலூர்ப்பேட்டையிலிருந்து சிறீஅரிக்கோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி ஏரியை ஊடறுத்துச் செல்கிறது. இருபுறமும் நீர், நடுவே ஒற்றைக் கோடாகச் சாலை. ஞாயிறு அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. அடகாநிதிப்பா என்னும் சிற்றூருக்கு அருகில் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

தொலைவில் நீரின் விளிம்பில் வெண்மையாக ஒரு கோடு. உப்புக் குவியல் என்று முதலில் தோன்றியது. அக்கோடு மெல்ல அசைந்தது. பிறகு அதில் ஒரு பகுதி எழுந்தது. எழும்போது சிறகின் அடிப்புறம் செம்பஞ்சுக் குழம்பு தீட்டினாற்போல் சிவந்தது. அன்னையார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது நம்ம கோடியக்கரைப் பூநாரைல்ல! இதுங்க எப்ப இங்க வந்துச்சு?" என்றார். யாரும் விடை சொல்லவில்லை. அவரும் விடை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை விரித்துப் போட்டோம். அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தார்.

குழந்தைகள் கேட்பார்கள் என்பதற்காகப் பூநாரை பற்றிச் சில செய்திகளை மகள் தேடி வைத்திருந்தாள். இப்பறவை பெருந்தொகையாகக் குஞ்சு பொரிப்பது கட்சு நாட்டின் உப்புச் சதுப்பில். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றை வடிகட்டி, நுண்ணிய பாசியையும் சிற்றிறாலையும் உண்கிறது. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் சிறகில் செம்மையாக ஏறுகிறது. ஏரி ஆழமற்றதாக இருப்பதால்தான் அதன் நீண்ட கால்களுக்கு நின்று மேய இடம் கிடைக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் இடையேயுள்ள முகத்துவாரங்கள் மணலால் அடைபட்டால் நீர் வற்றுகிறது, மீனும் குறைகிறது, மீனவர் வாழ்வும் பறவை வரவும் ஒருசேரத் தளர்கின்றன. இவற்றையெல்லாம் பேத்தி சொல்ல, பாட்டி கேட்டார். கேட்டுவிட்டு, "அதுங்களும் பொழப்புக்காகத்தான் ஊரு விட்டு ஊரு வருதுங்க" என்றார்.

சாலையின் மறுகரையில் சிறீஅரிக்கோட்டா. 1971 ஆம் ஆண்டு அக்டோபர் 9 ஆம் நாள் அங்கிருந்து முதல் ரோகிணி ஏவுகணை கிளம்பியது. 1980 சூலை 18 ஆம் நாள் அங்கிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகணைத் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். 2023 சூலை 14 ஆம் நாள் சந்திரயான்-3 புறப்பட்டதும் அம்மண்ணிலிருந்தே. தடாவிலிருந்து நாம் மாடியில் நின்று பார்க்கும் நெருப்புக் கோட்டின் அடிவாரம் இதுவே என்று சொன்னபோது, "இவ்வளவு பக்கத்துலயா!" என்று வியந்தார்.

கூழைக்கடாவும் பொன்முகலியும்

ஏரிக் கரையிலே இட்டிலி உண்டபின் மீண்டும் பெருவழிக்கு வந்து வடக்கே சென்றோம். தொரவாரிச் சத்திரத்துக்கு அருகில் நேலப்பட்டுப் பறவைச் சரணாலயம் இருக்கிறது. 1976 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம் அது. நீரில் நிற்கும் மரங்களின் உச்சியிலெல்லாம் கூடுகள். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அவற்றோடு குடியிருக்கின்றன. தாய்ப் பறவையின் பைபோன்ற அலகுக்குள் குஞ்சு தலையை நுழைத்து இரை எடுப்பதைக் கண்டு என் மகன் ஓவென்று கத்தப் போனான். அவன் வாயைப் பாட்டியே பொத்தினார்.

அங்கிருந்து நாயுடுபேட்டை. ஆற்றங்கரையில் கால் நீட்டிக்கொள்வதற்காக வண்டியை நிறுத்தினோம். எங்கள் திட்டத்தில் அது வெறும் ஓய்வு இடம். அதற்கு மேல் எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆற்றில் மணலே மிகுதி. நடுவில் சிறு ஓடையாக நீர். அன்னையார் ஓட்டுநரைப் பார்த்து, "இது என்ன ஆறு?" என்று கேட்டார். அவர் தமக்குத் தெரிந்த தமிழில், "சுவர்ணமுகி அம்மா. காளஹஸ்தியிலிருந்து வருது" என்றார்.

"காளத்தியிலேருந்தா? சுவர்ணம்னா பொன்னு. அப்போ இது பொன்முகலி!"

சொல்லிவிட்டு அவர் யாருடைய கையையும் பிடிக்காமல் மணலில் இறங்கினார். நாங்கள் பின்னே ஓடினோம். பேரன் பேத்தி இருவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு கண்ணப்பர் கதையைச் சொல்லத் தொடங்கினார். நாகன் மகன் திண்ணன் வேட்டைக்குப் போனது, நாணனோடு மலையேறியது, பொன்முகலி நீரை வாயில் முகந்து சென்று இறைவனுக்குத் திருமஞ்சனம் ஆட்டியது, கண்ணைப் பெயர்த்து அப்பியது ஆகிய அனைத்தையும், தம் தந்தை சொன்ன முறையிலேயே சொன்னார். ஓட்டுநரும் ஓர் ஓரமாக நின்று கேட்டார். கதை முடிந்ததும் அவர், "எங்க பாட்டி இதே கதையைத் தெலுங்கில் சொல்லுவாங்க" என்றார். சேக்கிழார் பாடிய ஆறு நாம் நாள்தோறும் சீட்டு எழுதும் நாயுடுபேட்டை வழியே போகிறது என்பது, இத்தனை ஆண்டுகள் இங்கே வேலை பார்த்த எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. வியப்பளிக்கச் சென்ற நாங்கள் அங்கே வியப்புற்று நின்றோம்.

கடல்

நாயுடுபேட்டையில் பெருவழியை விட்டுக் கிழக்கே திரும்பினோம். மல்லாம் என்னும் ஊரில் வள்ளி தெய்வயானையோடு முருகன் எழுந்தருளியிருக்கிறான். அவ்வூரில் பல்லவர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. நடை சாத்துமுன் வழிபட்டு, அங்கேயே மர நிழலில் புளிச்சோறு உண்டு, வெயில் தாழும் வரை இளைப்பாறினோம். பின்னர் வாகாடு வழியாகத் தூபிலிபாளையம் கடற்கரை. நாம் மணலில் நின்று பார்த்த பொன்முகலி கடலோடு கலப்பதும் அப்பக்கத்திலேதான்.

அதற்கு அண்மையில் துகராஜபட்டினம் இருக்கிறது. ஆங்கிலேயர் 1626 ஆம் ஆண்டளவில் அங்கே பண்டகசாலை அமைத்தனர். பழவேற்காட்டில் வலுவாக வேரூன்றியிருந்த டச்சுக்காரரின் நெருக்குதலுக்கு விலகி அவர்கள் தேடிய இடம் அது. ஆர்மகான் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அவர்களுக்கு உதவி செய்த ஆறுமுக முதலியார் என்பவரின் பெயரே அவ்வாறு திரிந்தது என்பர். அங்கே தலைவராக இருந்த பிரான்சிசு டே என்பவர்தான் தெற்கே வந்து 1639 இல் சென்னைப்பட்டினத்துக்கு இடம் பெற்றார். சென்னையின் வரலாற்றுக்கு முன்னுரை இக்கரையில் எழுதப்பட்டது எனலாம்.

மாலை நான்கு மணிக்கு அன்னையார் கடலைக் கண்டார். அலையடியில் கணுக்கால் அளவு நீரில் மருமகளின் தோளைப் பற்றி நின்றார். இக்கடல் இழுப்பு மிகுந்தது. யாரும் அதற்கு மேல் இறங்கவில்லை. நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதே தண்ணிதான் அங்கயும் போவுதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "கஜாவுக்கு அப்பறம் கடலப் பாக்கவே கூடாதுன்னு இருந்தேன். அது என்ன பண்ணும், காத்து அடிச்சா அதுவும் அடிக்கும்" என்று சொல்லிக் குனிந்து நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேத்தி சிறிய கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலை எடுத்து நீட்டினாள். கேக்கும் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை. எழுபதாவது பிறந்தநாள் அங்கே அவ்வாறு நிறைவெய்தியது.

இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பினோம். முழங்காலில் சிறிது வீக்கம் இருந்தது. வெந்நீர் ஒற்றடத்தில் தணிந்துவிட்டது. மறுநாள் காலையில் அன்னையார் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையாரிடம் கையசைவும் அரைகுறைச் சொல்லுமாக, "நம்ம ஏரியில பூநாரை வந்துருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஏரி" என்ற சொல் சமையலறையில் இருந்த என் மனைவிக்கும் கேட்டது. ஒரு வாரம் கழித்து ஊருக்குச் சீட்டு எடுப்பது பற்றி நானே நினைவூட்டினேன். "எடு தம்பி. கோயில் திருவிழாவைப் பாத்துட்டு வரணும். போகவும் வரவும் சேத்தே எடுத்துடு" என்றார். இரயில்வேயில் எத்தனையோ சீட்டுகளுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். அந்த இருவழிச் சீட்டுக்கு நிகரான ஒன்றை இதுவரை எழுதியதில்லை.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

அன்பர்களே! நம்மில் சிலர் இரயில்வேயிலும் சிலர் அரசு அலுவலகங்களிலும் சிலர் தொழிற்சாலைகளிலும் பணியாற்றுகிறோம். விடுமுறை என்றால் தெற்கே ஓடுகிறோம். விடுமுறை முடிந்தால் வடக்கே வந்து கதவைத் திறக்கிறோம். நாம் வாழும் மண்ணை இரண்டு விடுமுறைகளுக்கு இடையேயுள்ள தங்கல் என்று கருதுகிறோம். எல்லைகள் மாறுகின்றன. 1953 இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. 2022 இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது தடா அதில் சேர்ந்தது. ஆனால் ஏரியும் ஆறும் தம் இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை அறியாமல் இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அயலார்தான்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது: சங்கத்தில் ஓர் ஏடு வைத்து, காலனியிலுள்ள முதியோர் ஒவ்வொருவரின் பிறந்தநாளையும் திங்களும் நட்சத்திரமுமாக எழுதி வையுங்கள். துணையை இழந்த தாய்மாரின் பெயர்கள் அதில் முதலில் வரட்டும். இரண்டாவது: தனிக் குடும்பத்துக்கு வண்டிச் செலவு சுமையாக இருக்கலாம், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்தால் எளிதாகும். நாங்கள் எழுதிய வழிக் குறிப்பு, நிழலிடம் கழிப்பிடம் உட்பட, நூலக அலமாரியில் இருக்கிறது. எவரும் படி எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது: போகும்போது அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். வழி தெரிந்தவர் அவர். கதை தெரிந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இருவரும் ஒரே வண்டியில் இருந்தால்தான் பயணம் நிறைவுபெறும். பறவை இருக்கும் இடத்தில் ஓசை எழுப்பாமலும், ஏரிக்கரையில் தாளும் உறையும் எறியாமலும் திரும்புவது நம் கடமை என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

பரிசுப் பொருளைக் கடையில் வாங்கலாம். ஒருவருடைய முழங்கால் வலியையும் சிறுவயது நினைவையும் எக்கடையிலும் வாங்க முடியாது. அருகே அமர்ந்து கேட்டுத்தான் பெற வேண்டும். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் கால் மணி நேரம் அமர்ந்து, "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். பயணம் அங்கேயே தொடங்கிவிடும்.